அரைப் பேர்

செவ்வாய்க்கிழமை எனக்கு அரைப் பேர்தான்.
பதினோரு மணிக்கே கூடையை இறக்கிவிட்டேன்.
செக்ரோலைப் புரட்டியபடி கணக்கப்பிள்ளை கேட்டார்:
"ஸ்கூலுக்கா? ஒனக்கென்ன அங்க, பரீட்சையா?"

ஏழாம் நம்பர் மலையிலிருந்து நேரே ஓட்டம்.
இடுப்புப் படங்கை அவிழ்க்கவும் நேரமில்லை.
சேற்றுக் காலோடு போனவளுக்குக் கிடைத்தது
முதலாம் வகுப்பு வாங்கு.
உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் முட்டும்.

வலயக் கந்தோருக்கு நாலு கடிதம் போட்டாயிற்றாம்,
அதிபர் சொன்னார்.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே டீச்சர்.
அவர் பலகைப் பக்கம் திரும்பினால்
ஒரு வகுப்பு கூரைக்கு ஏறிவிடுகிறது.
டீச்சர் எங்களைப் பார்த்துச் சொன்னார்:
"வீட்டில் பிள்ளைகளோடு பேசுங்கள்.
பேச்சுக் கேளாத பிள்ளைக்கு
எழுத்துத் தெரியும், சொல் தெரியாது."

எல்லோரும் தரையைப் பார்த்தோம்.
எந்த நேரத்தில் பேசுவது?

விடியுமுன் தூக்கிக்கொண்டு போவேன் பிள்ளைக்காம்பராவுக்கு.
தோளில் எச்சில் வழிய, பாதித் தூக்கத்தில் கிடப்பான் நிதுர்ஷன்.
இருட்டில் கால் தவறக்கூடாதென்று
எண்ணிக்கொண்டே இறங்குவேன்.
லயத்து வாசலிலிருந்து பீலிக்கரை வரை
ஐம்பத்தி மூன்று படி.
நாற்பத்தி இரண்டாவது உடைந்த படி.
அங்கே மட்டும் "தாண்டு" என்பேன்,
எனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

இரண்டு வயதில் ஒருநாள் தோளிலிருந்து சத்தம் வந்தது:
நாப்பத்தி ஒண்ணு,
தாண்டு,
நாப்பத்தி மூணு.

முதலாம் வகுப்பில் அதற்காகப்
பிழை வாங்கிக்கொண்டு வந்தான்.

"டீச்சர், அந்தப் பிழை என்னுடையது" என்றேன் கூட்டத்தில்.
எழும்பி நின்றது எப்படியென்று எனக்கே தெரியாது.
சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.
அந்தப் படி எங்கே இருக்கிறதென்று கேட்டார்.

பிறகுதான் பேச்சுத் தொடங்கியது.
கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றும் யாகப்பன் சொன்னார்:
"எனக்கு வாசிக்கத் தெரியாது.
ஆனா ரெண்டாம் வகுப்ப உக்கார வைக்கத் தெரியும்."
ஆளுக்கு அரை நாள், முறை போட்டு.
அரைப் பேர் போனால் மாவுக்கு எங்கே போவதென்று
ஒருத்தி கேட்டாள்.
பதில் சொல்ல ஆளில்லை.
அவளும் பெயர் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

இரவு கொழும்பிலிருந்து இவர் கோல் எடுத்தார்.
"டீச்சர அனுப்புறது அரசாங்கத்து வேல,
நீ ஏன் சம்பளத்த விடுற?"
அதுவும் சரிதான்.
ஐந்தாவது கடிதத்தில் நாங்களும் கையெழுத்து வைத்திருக்கிறோம் என்றேன்.
செக்ரோலில் நான் ஒரு நம்பர்,
பக்கத்தில் ஒரு கோடு.
கடிதத்தில் தகப்பன் எழுத்தோடு எழுதினேன்,
மு. புஸ்பலீலா.
மை கொஞ்சம் கசிந்துவிட்டது.
"பிள்ளைக்கு போனைக் குடு" என்றார்.
அன்றைக்கு ஹாட்வெயார் கடையில் எத்தனை வகை ஆணி விற்றதென்று
மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் வெகுநேரம்.

அடுத்த புதன் என் முறை.
மகன் என்னைத் தெரியாதவன்போல் இருந்தான்.
அட்டைக் கடியைச் சொறியாமல் இருக்க
நான் பட்ட பாடு.
ஒருத்தன் பென்சிலைத் தின்றான்,
ஒருத்தி சப்பாத்துக் கட்ட நாலு முறை வந்தாள்.
தேயிலைக் கொட்டைகளைக் குவித்துவைத்து
எண்ணச் சொன்னார் டீச்சர்.

நாற்பத்தி ஒன்றில் நின்றான் நிதுர்ஷன்.
அப்போதுதான் என்னைப் பார்த்தான்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
ஏழாம் நம்பர் மலையில் மூட்டம்,
என் நிரையில் யாரோ கொழுந்தெடுக்கிறார்கள்.

"நாப்பத்தி ரெண்டு" என்றான்,
கொட்டையை அழுத்தி வைத்து.